எபிடூரல் போடலாமா, வேண்டாமா? இடுப்பு வலி வரும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகள்

குயிலாப்பாளையத்தில் ஒன்பதாவது மாதம் நடக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தாச்சு. ராத்திரி தூக்கம் வராதபோது போனில் ‘வலியில்லா சுகப்பிரசவம்’ வீடியோக்கள் ஓடுகின்றன. விடிந்தால் வீட்டில் வேறு பேச்சு. “முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகு வலிதான்” என்கிறார் பெரியம்மா. “நாங்கல்லாம் ஊசி போட்டுக்கிட்டா பெத்தோம்?” இது பாட்டி. “டாக்டர் சொல்றதைச் செய்வோம்” என்று நழுவிவிடுகிறார் கணவர்.

அந்த டாக்டரோ பெரும்பாலும் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டார், அந்தப் பெண்ணாகக் கேட்டால் தவிர.

ஊசி ஒன்று, கதை இரண்டு

பெரியம்மா சொல்லும் ‘முதுகு ஊசி’ பெரும்பாலும் சிசேரியனுக்குப் போடுவது. அதன் பெயர் ஸ்பைனல். மெல்லிய ஊசியால், தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் திரவத்துக்குள் மருந்தை ஒரே தடவையில் செலுத்துவார்கள். சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் மருந்தின் வேலை முடிந்துவிடும்.

எபிடூரல் வேறு. இதில் ஊசி அந்தத் திரவப் பை வரை போகாது. அதற்கு வெளியே இருக்கும் குறுகிய இடத்தோடு நின்றுவிடும். ஊசி வழியாக நூல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு, ஊசியை வெளியே எடுத்துவிடுவார்கள். முதுகில் ஒட்டியிருப்பது அந்தக் குழாய் மட்டும்தான். அதன் வழியே புபிவகைன் அல்லது ரோபிவகைன் என்ற மரப்பு மருந்து, கூடவே கொஞ்சம் ஃபென்டனில், குழந்தை பிறக்கும் வரை போய்க்கொண்டே இருக்கும். வலி அடங்க சுமார் 20 நிமிடம் பிடிக்கும்.

‘வலியில்லா பிரசவம்’ என்று போர்டு வைத்தாலும் இது முழு மரப்பு இல்லை. வயிறு இறுகுவது தெரியும், கீழே அழுத்தம் தெரியும். கூர்மையான வலி குறையும். சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் வலி நிற்காமல் இருக்கும். பிரிட்டனின் மகப்பேறு மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் தாய்மார்களுக்குத் தரும் தகவல் அட்டையில், 8 பேரில் ஒருவருக்கு எபிடூரல் சரியாக வேலை செய்யாமல் வேறு வழியையும் சேர்க்க வேண்டிவரும் என்றே எழுதியிருக்கிறது. இதை நம் ஊர் விளம்பரங்களில் தேடினாலும் கிடைக்காது.

இந்த முறை புதிதும் அல்ல. ஸ்பெயின் ராணுவ மருத்துவர் ஃபிடெல் பாகேஸ் இதைப் பற்றி எழுதியது 1921-ல். பிரான்ஸில் 2021-ல் நடந்த தேசிய ஆய்வில் 10-ல் 8 தாய்மார்கள் பிரசவத்தில் எபிடூரல் எடுத்திருந்தார்கள். குயிலாப்பாளையத்தை ஒட்டிய ஆரோவிலில் பிரெஞ்சுக்காரர்கள் கணிசம். ஒரே தெருவில் காய்கறி வாங்கும் இரண்டு பெண்களில் ஒருவருக்கு இது அவருடைய நாட்டில் வழக்கமான விஷயம், இன்னொருவருக்குக் கேட்கவே கூச்சப்படும் விஷயம்.

முதுகு வலி, சிசேரியன்: எது உண்மை?

40 ஆய்வுகள், 11,000-க்கும் மேற்பட்ட பெண்கள். இவ்வளவையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2018-ல் வந்தது. எபிடூரல் எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டதில், நீண்ட நாள் முதுகு வலியில் வித்தியாசம் தெரியவில்லை. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். பல மாதம் தொடரும் வலிக்கு வயிற்றுச் சுமையும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு குனிந்து நிமிர்வதும், குனிந்தே பால் கொடுப்பதும் காரணமாக இருக்கலாம். பழி ஊசிக்குப் போகிறது. ஊசி போட்ட தேதி ஞாபகத்தில் இருக்குமே!

அடுத்த பயம், “எபிடூரல் போட்டா சிசேரியன்ல முடியும்.” அதே மதிப்பாய்வில் சிசேரியன் விகிதத்திலும் வித்தியாசம் இல்லை. குழந்தையின் ஐந்தாவது நிமிட அப்கார் மதிப்பெண்ணிலும், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கும் எண்ணிக்கையிலும் தெளிவான வித்தியாசம் காணவில்லை.

ஆயுதப் பிரசவம் என்று சொல்கிறோமே, வேக்குவம் அல்லது ஃபோர்செப்ஸ், அது எபிடூரல் எடுத்தவர்களுக்கு அதிகமாக இருந்தது. ஆனால் 2005-க்குப் பிறகு நடந்த ஆய்வுகளை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசமும் காணாமல் போகிறது. மருந்தின் அளவைக் குறைத்ததே காரணமாக இருக்கும் என்று கருதப்படுகிறது. அதனால் “எபிடூரல் போடுவீங்களா?” என்று மட்டும் கேட்டால் போதாது, “குறைந்த டோஸ் முறையா?” என்றும் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் மட்டும் 63.8 சதவீதம். அத்தனைக்கும் வலி பயம் காரணமில்லை. ஆனாலும் “என்னால முடியல, ஆபரேஷன் பண்ணிடுங்க” என்ற அலறல் எந்த லேபர் வார்டுக்கும் புதிதல்ல. வலியைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது என்றே சொல்லாமல், வயிற்றைக் கிழிப்பதை மட்டும் வழியாகக் காட்டுவது நியாயமே இல்லை.

சங்கடங்கள் உண்டு

ரத்த அழுத்தம் சட்டென்று குறையலாம். 50-ல் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க அளவில் குறையும் என்கிறது பிரிட்டன் அட்டை. அதனால் கையில் டிரிப்ஸ், அடிக்கடி பி.பி. பார்ப்பது, குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனிப்பது எல்லாம் கூடவே வரும். சிறுநீர் கழிக்கும் உணர்வு மங்கிப்போவதால் டியூப் தேவைப்படலாம். காய்ச்சல் வரலாம். உடம்பு அரிக்கலாம். முக்கித் தள்ளும் கட்டம் நீளலாம்.

100-ல் ஒருவருக்குக் கடுமையான தலைவலி வரும். ஊசி தவறி அந்தத் திரவப் பையில் சின்ன ஓட்டை விழுவதால் வருவது இது. உட்கார்ந்தால் தலை பிளக்கும், படுத்தால் குறையும். தானாகச் சரியாகாவிட்டால், அந்தப் பெண்ணின் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து அதே இடத்தில் செலுத்தி ஓட்டையை அடைப்பார்கள். பாட்டிகள் பயப்படும் பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்பு? அதே அட்டையில் அது 2,50,000-ல் ஒருவருக்கு.

எல்லோருக்கும் போட முடியாது என்பதும் முக்கியம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், பிளேட்லெட் மிகவும் குறைந்தவர்கள், ஊசி போடும் இடத்தில் தொற்று உள்ளவர்களுக்குத் தவிர்ப்பார்கள். முதுகெலும்பில் ஆபரேஷன் செய்தவர்கள் முன்கூட்டியே அனஸ்தீசியா டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. பி.பி. ஏறியிருக்கும் கர்ப்பிணிகளுக்கோ, பிளேட்லெட் சரியாக இருந்தால், டாக்டரே எபிடூரலைப் பரிந்துரைக்கலாம்.

முடிவு எங்கே நடக்கிறது?

குயிலாப்பாளையம் இருப்பது விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில். ஆனால் மாவட்டத் தலைநகரைவிடப் புதுச்சேரிதான் பக்கம். ஆகவே வலி வந்தால் கோரிமேட்டில் ஜிப்மர், காலாப்பட்டுப் பக்கம் தனியார் மருத்துவக் கல்லூரி, இல்லையென்றால் டவுனுக்குள் ஏதாவது நர்சிங் ஹோம். திண்டிவனம் அரசு மருத்துவமனையும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியும் இன்னும் தூரம். அம்மா வீடு வேறு ஊரில் என்றால், அதுவரை பார்த்த டாக்டரும் கடைசி மாதத்தில் மாறிவிடுவார்.

எபிடூரல் விஷயத்தில் பாதி முடிவு இந்த மருத்துவமனைத் தேர்விலேயே முடிந்துவிடுகிறது. காரணம் எளிது. சிசேரியன் என்றால் அனஸ்தீசியா டாக்டர் வந்து, ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பலாம். பிரசவ எபிடூரலுக்கு அவர் ஊசி போட்டுவிட்டுப் போய்விட முடியாது. எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ, கூப்பிட்ட உடனே வரும் தூரத்தில் இருக்க வேண்டும். சின்ன நர்சிங் ஹோம்களில் அவர் முழுநேர ஊழியரே இல்லை. கூப்பிட்டால் வருபவர், ஒரே நாளில் மூன்று நான்கு இடம் ஓடுபவர். அரசு மருத்துவமனையில் அவர் இருப்பார், ஆனால் அவசர சிசேரியன்கள் வரிசையில் காத்திருக்கும்.

ஆகவே 36-வது வாரத்து செக்கப்பில் கேட்க வேண்டிய கேள்வி “உங்ககிட்ட எபிடூரல் இருக்கா?” இல்லை. “ராத்திரி 2 மணிக்கு வந்தாலும் போடுவீங்களா? போட்டபிறகு யார் பக்கத்துல இருப்பாங்க?” இதுதான். பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடத்தில் எபிடூரல் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். தனி பில் எவ்வளவு, மெட்டர்னிட்டி கவர் இருந்தால் அதில் இது சேருமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். அனஸ்தீசியா டாக்டரை ஒரு தடவை நேரில் பார்த்துப் பேச முடிந்தால் இன்னும் நல்லது.

“நாலு சென்டிமீட்டர் திறந்தபிறகுதான் போடுவோம்” என்பது பழைய வழக்கம். வேறு மருத்துவத் தடை இல்லாதபோது பெண் கேட்பதே போதுமான காரணம் என்கிறது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி. வலி நிவாரணம் கேட்கும் ஆரோக்கியமான கர்ப்பிணிகளுக்கு, அவர்கள் விருப்பத்தைப் பொறுத்து எபிடூரலைப் பரிந்துரைக்கலாம் என்கின்றன உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல்கள். “கேட்டால்” என்ற சொல் இரண்டிலும் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லும் பெண்ணுக்கு யாரும் இதைத் திணிக்க முடியாது.

கையெழுத்து யாருடையது?

மாமியார் வேண்டாம் என்கிறார், கணவர் போடலாம் என்கிறார். படிவத்தை நீட்டும் நர்ஸ் “வீட்டுக்காரர் எங்கே?” என்கிறார். சட்டம் பார்ப்பது பெண்ணின் சம்மதத்தைத்தான். டெல்லியில் ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய அம்மாவிடம் கேட்டுவிட்டுக் கருப்பையை எடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்தது. சமீரா கோலி வழக்கு என்று அதைச் சொல்வார்கள். தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாக, உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, அம்மா தரும் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். கணவருக்கும் மாமியாருக்கும் இது பொருந்தாமல் போகுமா என்ன?

அதற்காக வலி உச்சத்தில் இருக்கும்போது படிவத்தைப் படித்துப் புரிந்துகொள்ள யாராலும் முடியாது. ஒன்பதாவது மாதத்திலேயே படித்துவிட்டு, வேண்டும் அல்லது வேண்டாம் என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லலாம். நேரம் வரும்போது மனம் மாறினால் மாற்றிச் சொல்லவும் உரிமை உண்டு. வேண்டாம் என்றவர் கேட்கலாம், வேண்டும் என்றவர் “தாங்கிடுவேன் போல” என்று விட்டுவிடலாம்.

கிடைக்காவிட்டால்?

வலி திடீரென்று வேகம் பிடித்து, அனஸ்தீசியா டாக்டர் வருவதற்குள் குழந்தை பிறந்துவிடுவதும் நடக்கும். இரண்டாவது பிரசவத்தில் இது சகஜம். எபிடூரல் இல்லாத இடத்தில் வலி குறைக்கும் ஊசிகள் உண்டு; தூக்கக் கலக்கமும் குமட்டலும் வரலாம், எபிடூரல் அளவுக்கு வலி அடங்காது. சில இடங்களில் என்டனாக்ஸ் என்ற வாயு உண்டு. வலி வரும்போது பெண்ணே மாஸ்க்கைப் பிடித்து இழுத்துக்கொள்வார். எழுந்து நடப்பது, இடுப்பில் சூடு கொடுப்பது, கீழ்முதுகை ஒருவர் அழுத்திப் பிடிப்பது எல்லாம் உதவும்.

கூட ஒருவர் இருப்பது சின்ன விஷயம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் பிரசவத் துணையை எல்லாப் பெண்களுக்கும் பரிந்துரைக்கிறது. தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் 2004-லிருந்தே துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் திட்டம் இருக்கிறது. கணவரைப் பல வார்டுகளில் விட மாட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் வேறொரு பெண் இருப்பார். உள்ளே வரப்போவது அம்மாவா, அக்காவா, மாமியாரா என்பதையும் 36-வது வாரத்திலேயே பேசிவிடலாம். “ஊசி வேண்டாம்” என்று வீட்டில் சண்டை போட்டவர், அந்தப் பெண் உள்ளே ஊசி கேட்டால் நர்ஸை யாரிடமும் விசாரிக்காமல் கூப்பிடுவாரா என்று ஒரு தடவை யோசித்துவிட்டு.