விசுவமடுவில் கொதித்து நின்ற கார்

உடுவிலில் இருந்து முள்ளியவளைக்குப் போவதென்றால் ஏ9 வீதியில் ஏறி, ஆனையிறவு தாண்டி, பரந்தனில் முல்லைத்தீவுப் பக்கம் திரும்ப வேண்டும். நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. கடந்த ஆவணியில் அப்பாவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு பெரியம்மாவைப் பார்க்கப் புறப்பட்ட நான் விசுவமடுவுக்கு அப்பால் போகவில்லை.

தருமபுரம் கடக்கும்போதே வெப்பம் காட்டும் முள் மேலே ஏறியதைக் கண்டேன். இன்னும் கொஞ்சத் தூரம்தானே என்று ஓட்டினேன். அதுதான் பிழை. விசுவமடுவில் பொனற்றின் கீழிருந்து ஆவி வந்தது. அப்பா இறங்கியதும் துணியைச் சுற்றி ரேடியேற்றர் மூடியைத் திறக்கப் போனார். நல்ல காலம், அம்மா கையைப் பிடித்துவிட்டார்.

மூடி இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே அமுக்கம் இருக்கும். அந்த அமுக்கத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காது, 120 பாகை வரைகூடத் திரவமாகவே நிற்கும். மூடியைத் திருகியதும் அமுக்கம் விழ, அவ்வளவும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு அரை மணித்தியாலமாவது காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பக்கத்துக் கராஜிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த தம்பி வெடித்திருந்த றப்பர் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுச் சுரண்டிக் காட்டினான். சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூள்.

“ஐயா, கிணத்துத் தண்ணியோ விடுறனீங்கள்?”

அப்பா ஓம் என்றார். வேறென்ன தண்ணி விடுறது என்ற மாதிரி.

வலிகாமத்தின் நிலம் சுண்ணாம்புக் கல். மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது இதுதான். சூடேறும்போது கரைந்திருந்த சுண்ணாம்பு திரும்பவும் கல்லாகிறது. ரேடியேற்றரின் குழல்களோ மிக ஒடுக்கமானவை. வருடக்கணக்கில் அவை உள்ளே மெல்ல அடைபட, கிட்டத்து ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. வெயிலில், தூரப் பயணத்தில்தான் தெரியும். குளிரே இல்லாத ஊருக்குக் ‘கூலன்ற்’ எதற்கு என்று எங்கள் ஆட்கள் கேட்பார்கள். அது உறைவதை மட்டுமல்ல, துருவையும் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். கடையில் கலந்தே விற்பதை அப்படியே விடலாம். கலக்க வேண்டியதென்றால் பற்றறிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும்.

அப்பாவை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவர் கார் பழகியது அப்பப்பாவின் ஒஸ்ரின் ஏ40 இல். 1990 இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோல் கிடைக்கவில்லை, பற்றறி கிடைக்கவில்லை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏறக்குறைய 7க்கு 1. அதனால்தான் அந்த மட்டமான எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலந்து தேய்மானத்தைக் கூட்டியதும் உண்மை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே நாவற்குழிப் பக்கம் நகர்ந்தபோது அந்த ஒஸ்ரினும் சனத்துக்குள் நடை வேகத்தில் ஊர்ந்தது. காற்றுப் படாமல் கொதித்தது. மழைத் தண்ணீரை அள்ளி ஊற்றி ஊற்றி ஓட்டியதாக அப்பா இன்றும் சொல்வார்.

ஆனால் ஒஸ்ரினின் எஞ்சின் மேலும் கீழும் வார்ப்பிரும்பு. எங்கள் யப்பான் காரின் எஞ்சின் தலைப்பகுதி அலுமினியம், உடல் இரும்பு. சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை. கொதித்த பிறகும் ஓட்டினால் தலைப்பகுதி வளையும், இடையிலுள்ள கஸ்கற் வெடிக்கும். ஒயில் அளவுகோலை இழுத்துப் பார்த்த தம்பி பேசாமல் அப்பாவிடம் நீட்டினான். பால் விட்ட தேத்தண்ணி நிறம். ஒயிலுக்குள் தண்ணீர். முள் ஏறியபோதே நான் நிறுத்தியிருந்தால் புதுக் குழாயோடு போயிருக்கலாம். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை நீண்டதில், பழைய கார்களை இன்னும் பழசாக்கி ஓட்டுகிறவர்கள் நாங்கள் மட்டுமல்ல.

இதற்கிடையில் பெரியம்மாவிடமிருந்து நான்கு அழைப்புகள். அம்மா எடுத்து, கார் பழுது என்றார்.

“எங்க மறிச்சவங்கள்?”

“ஒருத்தரும் மறிக்கேல்லை அக்கா. கார் பழுது.”

“உண்மையைச் சொல்லு. ஆர் ஆர் நிக்கிறியள்?”

விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு. 2009 இன் தொடக்கத்தில் இதே வீதியால்தான் பெரியம்மாவும் மகனோடு நடந்தார். மகன் திரும்பி வரவில்லை. அவருக்கு இந்த வீதியில் ஒருவர் நேரத்துக்கு வந்து சேரவில்லை என்றால் அதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். அம்மா, அப்பா, நான் என்று மூவரும் ஒவ்வொருவராகப் போனில் பேசினோம். பிறகு அந்தத் தம்பியையும் பேச வைத்தோம். “அம்மா, றப்பர் வெடிச்சது, வேற ஒண்டுமில்லை” என்றான்.

நானும் காரும் பின்னேரம் லொறியில் உடுவில் திரும்பினோம். அப்பாவும் முழங்கால் நோவோடு அம்மாவும் எங்களோடுதான் வந்தார்கள். மூன்றாம் நாள் விடிய இருவரும் பஸ்ஸில் முள்ளியவளைக்குப் போனார்கள். பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடத்திலிருந்தும் அம்மா பெரியம்மாவுக்குப் போன் எடுத்துக்கொண்டே போனார்.