சுவருக்குள் எந்தக் கம்பி?

ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் நம்மவர்கள் வீடு பார்க்கும்போது கேள்விகளுக்குக் குறை வைப்பதில்லை. சமையலறையில் அடுப்பும் தொட்டியும் இருக்கின்றனவா, இல்லை அதையும் நாமே வாங்கி மாட்ட வேண்டுமா? ரயில் நிலையம் எவ்வளவு தூரம்? குளிர்கால வெப்பச் செலவு வாடகையில் சேர்ந்ததா? இணையம் பற்றி மட்டும் ஒரே கேள்விதான்: “இன்டர்நெட் இருக்கில்ல?” இருக்கிறது என்பார் வீட்டுக்காரர். அவர் சொல்வது பொய்யும் இல்லை. ஆனால் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கு அந்தப் பதிலால் ஒரு பயனும் கிடையாது. சுவருக்குள் வருவது எந்தக் கம்பி என்று கேட்க வேண்டும்.

கேட்கக்கூட வேண்டாம், குனிந்து பார்த்தாலே போதும். வரவேற்பறை மூலையில் தரையை ஒட்டி உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளைப் பெட்டி ஒன்று இருக்கும். அதில் என், எஃப், என் என்ற எழுத்துகளோடு மூன்று துளைகள். அது டி.ஏ.இ. எனப்படும் தொலைபேசி சாக்கெட். தொலைபேசிக் கம்பியிலேயே இணையம் தரும் டி.எஸ்.எல்.-க்கான ரௌட்டரின் வயர் நடுவில் உள்ள எஃப் துளையில்தான் சேரும். ஓரத்துத் துளைகள் ஃபேக்ஸ் போன்ற பழைய கருவிகளுக்கானவை. வட்டத் துளைகள் உள்ள சாக்கெட் என்றால் அது கேபிள் டிவி வழி. அதில் திருகு மரையோடு தனியாக இருக்கும் முனை இணையத்துக்கு. கொடுத்துவைத்தவர்கள் வீட்டில், மெல்லிய கண்ணாடி இழை வந்து நுழையும் ஃபைபர் பெட்டி இருக்கும். இந்த மூன்றில் எது உங்களுக்கு வாய்த்ததோ, அதோடுதான் அடுத்த இரண்டு வருடம். ஏனென்றால் இணைய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 24 மாதக் கணக்கில் போடப்படுபவை.

இவ்வளவு பணக்கார நாட்டில் இன்னும் தாமிரக் கம்பியா என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் வியப்பார்கள். 1981-லேயே சான்சலர் ஹெல்முட் ஷ்மிட்டின் அமைச்சரவை, முப்பது ஆண்டுகளில் நாடு முழுக்கக் கண்ணாடி இழை பதிப்பது என்று முடிவெடுத்தது. அடுத்த ஆண்டே ஆட்சி கைமாறியது. ஹெல்முட் கோல் அரசில் தபால் துறை அமைச்சரான கிறிஸ்டியான் ஷ்வார்ட்ஸ்-ஷில்லிங் கேபிள் டிவிக்கு முன்னுரிமை தந்தார். தெருக்களில் தாமிரக் கோஆக்ஸியல் கேபிள் இறங்கியது. இதைவிடக் கூத்து கிழக்குப் பகுதியில் நடந்தது. 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபின், தொலைபேசிக்கே பஞ்சமாக இருந்த அந்தப் பகுதியின் பல ஊர்களில் ‘ஓபல்’ என்ற கண்ணாடி இழைத் தொழில்நுட்பத்தைப் பதித்தார்கள். அன்றைக்கு அது உச்ச நவீனம். ஆனால் பேச்சுக்கென்று வடிவமைத்தது. 1999-இல் டி.எஸ்.எல். வந்தபோது அதற்கு வீடுவரை தாமிரம் வேண்டியிருந்தது. தாமிரம் வைத்திருந்த பழைய வீடுகளுக்கு வேக இணையம் வந்துவிட, இழை போட்ட வீடுகள் கைபிசைந்து நின்றன. சில இடங்களில் இழைக்குப் பக்கத்தில் மறுபடியும் தாமிரத்தையே இழுத்தார்கள்.

ஆக, டி.எஸ்.எல். எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது இங்கே வீண் அறிவு இல்லை.

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் போதும். டி.எஸ்.எல். அதே இரட்டைக் கம்பியில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மடங்கு உயர்ந்த அதிர்வெண்களை ஏற்றுகிறது. ஏ.டி.எஸ்.எல்.-2 பிளஸ் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போனது, வி.டி.எஸ்.எல். 17 வரை; 2018-இல் வந்த ‘சூப்பர்வெக்டரிங்’ 35 வரை போகிறது. அவ்வளவு அகலமான அலைவரிசையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, கம்பி எந்தத் துண்டில் எவ்வளவு தாங்கும் என்று அளந்து, அந்த அளவுக்கு மட்டும் தரவை ஏற்றுகிறது மோடம். மோடத்தை ஆன் செய்ததும் விளக்கு சில நிமிடம் மினுங்கிக்கொண்டே இருக்கிறதே, அப்போது நடப்பது இந்த அளவைதான்.

அதிர்வெண் ஏற ஏற, தாமிரத்தில் சிக்னல் வேகமாகத் தேயும். அதனால்தான் நடைபாதை ஓரங்களில் ஆள் இடுப்பு உயரத்துக்குச் சாம்பல் நிறப் பெட்டிகள் நிற்கின்றன. அந்தப் பெட்டிவரை ஃபைபர். அங்கிருந்து உங்கள் வீடுவரை தாமிரம். பெட்டி வாசலுக்கு எதிரே இருந்தால் தரவிறக்கம் 250 எம்பிபிஎஸ், பதிவேற்றம் 40 என்று முழுதாகக் கிடைக்கலாம். கம்பியின் நீளம் அரைக் கிலோமீட்டரைத் தாண்டினால் 250 எட்டாது. ஒரு கிலோமீட்டரைத் தாண்டினால் 50-க்கே இழுபறிதான். வீடு பார்க்கப் போகிறவர்கள் தெருவில் அந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்று ஒரு நடை நடந்து பார்க்கலாம். கம்பி தெருவை ஒட்டி வளைந்துதான் வரும் என்பதால் கண்ணில் படும் தூரத்தைவிடக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

தூரம் மட்டுமே பிரச்சினை என்றில்லை. தெருவில் உள்ள எல்லா வீட்டுக் கம்பிகளும் ஒரே தடித்த கட்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. உயர் அதிர்வெண்ணில் ஒரு கம்பியின் சிக்னல் பக்கத்துக் கம்பிக்குள் கசியும். கல்யாணப் பந்தியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச, பக்கத்து இலைக்காரர் சொல்வதே காதில் விழாமல் போகிற நிலை. ‘வெக்டரிங்’ இதற்கான மருந்து. பெட்டிக்குள் இருக்கும் கருவி, எந்தக் கம்பியிலிருந்து எதற்கு எவ்வளவு கசிகிறது என்று ஓயாமல் அளந்து, அந்தக் கசிவை அழிக்கும் எதிர்ச் சிக்னலை முன்கூட்டியே கலந்து அனுப்புகிறது. வீட்டை அடையும்போது சத்தமும் எதிர்ச்சத்தமும் ஒன்றையொன்று தின்றுவிடும். பாராட்டத்தக்க கணக்குதான். ஆனால் ஒரு கட்டில் உள்ள அத்தனை கம்பிகளும் ஒரே கருவியின் கட்டுப்பாட்டில் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஒரு பெட்டியை ஒரு நிறுவனம்தான் ஆளலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது. தாமிரத்தின் ஆயுளை இப்படி நீட்டிக்கொண்டே போனதால்தான் ஃபைபர் பிந்தியது என்று குறை சொல்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

கம்பியின் உடல்நிலையை நீங்களே பார்க்கலாம். பெர்லின் நிறுவனம் ஒன்றின் ஃபிரிட்ஸ்பாக்ஸ் ரௌட்டர் ஜெர்மன் வீடுகளில் பரவலாக இருக்கிறது. எந்த ரௌட்டரையும் நாமே வாங்கி மாட்டலாம் என்பது 2016 ஆகஸ்ட் முதல் சட்டப்படி உரிமை. உலாவியில் 192.168.178.1 என்று தட்டி டி.எஸ்.எல். பக்கத்துக்குப் போனால் அலைவரிசை வரைபடம் வரும். இடதுபுறம் உயரமாகத் தொடங்கி வலதுபுறம் சரிந்துகொண்டே போகும். அந்தச் சரிவுதான் தாமிரத்தின் தேய்மானம். இடையில் திடீரென்று பள்ளம் விழுந்திருந்தால் ஏதோ ஒன்று அந்த அதிர்வெண்ணில் இரைச்சல் போடுகிறது. வானொலி நிலையமாக இருக்கலாம், பழுதான எல்.இ.டி. விளக்கின் மின்வழங்கியாக இருக்கலாம். பல வீடுகளில் குற்றவாளி நம் கையாலேயே வந்து சேர்ந்திருக்கும்: மின்சார வயர் வழியாகவே இணையத்தை அடுத்த அறைக்குக் கடத்தும் பவர்லைன் அடாப்டர். அதுவும் வி.டி.எஸ்.எல். புழங்கும் அதே மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான் உலாவுகிறது. அதே பக்கத்தில் சத்த விளிம்பு, அதாவது இரைச்சலைத் தாங்க மிச்சமிருக்கும் இடைவெளி, எத்தனை டெசிபெல் என்று ஓர் எண் இருக்கும். 6-ஐ ஒட்டி இருந்தால் நலம். இரைச்சல் அதைத் தின்றுவிட்டால் மோடம் இணைப்பை விட்டுவிட்டு முதலிலிருந்து அளக்கத் தொடங்கும். நீங்கள் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து அந்தச் சில நிமிடங்கள்.

கேபிள் வழிக்கு வேறு குணம். தரவிறக்கம் 1000 எம்பிபிஎஸ் என்று விளம்பரம் கண்ணைப் பறிக்கும். பதிவேற்றம் 50 என்பது சிறிய எழுத்தில் இருக்கும். கோஆக்ஸியல் கேபிள் ஒரு வட்டாரம் முழுவதற்கும் பொது. மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் படம் ஓடத் தொடங்கினால் உங்கள் பங்கு குறையும். அதைவிட மோசம் பதிவேற்றத்தின் கதை. டிவிக்காகப் போட்ட இந்த வலையில் வீட்டிலிருந்து திரும்பிப் போகும் சிக்னலுக்குப் பாரம்பரியமாக ஒதுக்கியது 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒடுங்கிய பாதை. எல்லா வீடுகளின் சிக்னலும் அந்தப் பாதையில் ஒன்று சேர்ந்துதான் மேலே போகின்றன. ஆகவே மூன்றாம் மாடியில் யாரோ ஒருவர் வீட்டு சாக்கெட் தளர்ந்து வெளியிரைச்சலை உள்ளே விட்டாலும் தெரு முழுக்கப் பதிவேற்றம் படுத்துவிடும். அந்த ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க டெக்னீஷியன்கள் கிளை கிளையாக அளந்துகொண்டு போக வேண்டும். நாட்கணக்கில் ஆகும்.

ஃபைபரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதுவே அதன் பெருமை. ஒளிக்கு மின்னிரைச்சல் தெரியாது. சில நூறு மீட்டர் கூடுதல் தூரம் அதற்கு ஒரு பொருட்டும் இல்லை. ஒரே எச்சரிக்கை: விளம்பரத்தில் ‘ஃபைபர்’ என்று இருந்தால் அது தெருப் பெட்டிவரையா, வீட்டுக்குள் வரையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இழை வாசல்வரை வந்து, வீட்டுக்காரர் சம்மதத்துக்காகக் காத்துக்கிடக்கும் கட்டடங்கள் ஏராளம்.

இத்தனை எண்களில் வேலைக்கு எது தேவை? நல்ல தரத்தில் ஒரு வீடியோ காலுக்கு இரு பக்கமும் மூன்று, நான்கு எம்பிபிஎஸ் போதும். 50-க்கு மேல் உள்ள வேகமெல்லாம் பெரிய கோப்புகளுக்கும் வீட்டில் மற்றவர்கள் படம் பார்ப்பதற்கும்தான். வீடியோ காலைக் கெடுப்பது வேறொன்று: தாமதம் ஏறி இறங்குவது. உங்கள் கைபேசி விடுமுறைப் படங்களை மேகத்துக்கு ஏற்றத் தொடங்கினால் பதிவேற்றப் பாதையில் ரௌட்டருக்குள் நீண்ட வரிசை நிற்கும். உங்கள் குரலும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். எதிரில் இருப்பவர் நன்றாகத் தெரிவார், அவர் பேச்சும் நன்றாகக் கேட்கும். நீங்கள் மட்டும் அவருக்கு ரோபோ போலத் திக்குவீர்கள். ரௌட்டரில் வேலைக் கணினிக்கு முன்னுரிமை கொடுத்து வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

மீதிப் பாதியில் பெரும்பகுதி வை-ஃபையின் கைங்கரியம். கான்கிரீட் சுவர், பக்கத்து வீடுகளின் இருபது வை-ஃபைகள், குளியலறைக்குக் கீழே ஓடும் வெப்பக் குழாய்கள். வேலை மேசைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள், சில யூரோதான். பழுது எங்கே என்று பார்க்க ஒரு சின்ன சோதனையும் இருக்கிறது. கணினியில் ஒரு ஜன்னலில் ரௌட்டருக்கும் இன்னொன்றில் வெளியே உள்ள 8.8.8.8 என்ற முகவரிக்கும் தாமதத்தை அளக்கும் ‘பிங்’ கட்டளையை ஓடவிடுங்கள். ரௌட்டருக்குப் போகும் பிங்கே தள்ளாடினால் பழுது வீட்டுக்குள். அது சீராக இருந்து மற்றது தள்ளாடினால் கம்பியிலோ அதற்கப்பாலோ.

ஜெர்மனியிலிருந்து சென்னை அலுவலகத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஃபிராங்ஃபர்ட்டில் 1995-இல் தொடங்கிய டி-சிக்ஸ் உலகின் மிகப்பெரிய இணையச் சந்திகளில் ஒன்று. அதுவரை எல்லாம் மின்னல்தான். அங்கிருந்து சென்னைக்கு வான்வழியில் ஏறத்தாழ 7,600 கிலோமீட்டர். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். போய்வர 76 மில்லிநொடி என்பது இயற்கை விதித்த குறைந்தபட்சம். கடலடிக் கேபிள்கள் எகிப்து, செங்கடல் வழியாகச் சுற்றி வருவதால் நிஜத்தில் அதைப் போல இரண்டு மடங்கை நெருங்கும். எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் இது குறையாது. 2024 தொடக்கத்திலும் 2025 செப்டம்பரிலும் செங்கடலில் கேபிள்கள் அறுபட்டதுபோல் நடந்தால் இன்னும் ஏறும். அந்த நாட்களில் மோடத்தைத் திரும்பத் திரும்ப ஆஃப் செய்து ஆன் செய்வதில் பலன் இல்லை.

எல்லாம் புரிந்தாலும் இணைப்பு வர டெக்னீஷியன் வர வேண்டும். காலை எட்டு முதல் பன்னிரண்டு என்பது போல ஒரு நேரம் தருவார்கள். ஜெர்மன் அடுக்குமாடிகளில் வீட்டுக்குப் பெரும்பாலும் எண் கிடையாது. வாசல் மணிப் பலகையில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் மணி அடிப்பார். ஒப்பந்தத்தில் இருப்பது கடவுச்சீட்டுப் பெயர். அதில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் நம்மில் பலருக்கும் இருப்பது அப்பாவின் பெயர். திருநெல்வேலியில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவைத்தான் டெக்னீஷியன் கொலோனில் தேடிக்கொண்டிருப்பார். மணிப் பலகையிலும் அஞ்சல் பெட்டியிலும் அந்தப் பெயரை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் “வீட்டில் ஆள் இல்லை” என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

அவர் வராமலே போனால் சட்டம் உங்கள் பக்கம். 2021 டிசம்பர் முதல் நடப்பில் உள்ள தொலைத்தொடர்புச் சட்டப்படி, சொன்ன நேரத்துக்கு டெக்னீஷியன் வராவிட்டால் 10 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 20 சதவீதம், இதில் எது அதிகமோ அது உங்களுக்கு. இணைப்பு முழுதாகவே அறுந்து, புகார் கொடுத்தும் சரியாகாவிட்டால் மூன்றாம் நாளிலிருந்து நாளுக்கு 5 யூரோ அல்லது 10 சதவீதம். ஐந்தாம் நாளிலிருந்து அது இரட்டிப்பு. வேகம் சொன்னபடி இல்லையென்றால், ஒழுங்குமுறை ஆணையமான பூண்டஸ்நெட்ஸ்அகென்டூரின் அளவைச் செயலியைக் கணினியில் நிறுவி, லேன் கேபிள் மாட்டி, மூன்று வெவ்வேறு நாட்களில் மொத்தம் 30 அளவைகள் எடுங்கள். அந்த அறிக்கை கையில் இருந்தால் கட்டணத்தைக் குறைக்கலாம், ஒப்பந்தத்தையே முறிக்கலாம். வாடிக்கையாளர் சேவையில் கத்துவதைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த முகவரியை இரண்டு மூன்று நிறுவனங்களின் தளங்களில் தட்டிப் பாருங்கள். மேல்மாடிக்காரரிடம் எந்த வழி வைத்திருக்கிறார், மாலையில் எப்படி என்று கேளுங்கள். அவர் சொல்வதுதான் சரியான அளவை. கம்பி வந்து சேரும்வரை, மாதாமாதம் நிறுத்தக்கூடிய ஒரு கைபேசி டேட்டா சிம்மைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பி வந்தபின்னும் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.