மேகக்கணிமைச் சேவைகளில் நிறுவனத் தரவு: காப்புநகலும் ஏற்றுமதியும்

ஆய்வுச் சுருக்கம்

நிறுவனங்களின் கணக்கேடுகளும் கடிதங்களும் ஒப்பந்தங்களும் இன்று மேகக்கணிமைச் சேவைகளில் சேமிக்கப்படுகின்றன. சேவையாளரின் வழங்கியில் தரவு இருப்பதும் அது நிறுவனத்தின் கையில் காப்பாக இருப்பதும் ஒன்றல்ல. இணைநகல், காப்புநகல், ஏற்றுமதி ஆகிய மூன்றின் வேறுபாட்டையும், அவ்வேறுபாட்டை உணர்த்திய நான்கு நிகழ்வுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. மீட்டுப் பார்க்கப்படாத நகலைக் காப்புநகலாகக் கொள்ள இயலாது என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: மேகக்கணிமை, காப்புநகல், தரவு ஏற்றுமதி, மீட்பு, நிறுவன ஆவணங்கள்

முன்னுரை

அலுவலகத்தின் இரும்புப் பேழையில் கணக்கேடுகள் இருந்த காலத்தில், அவற்றின் காப்பிற்கு யார் பொறுப்பு என்ற வினா எழுந்ததில்லை. மேகக்கணிமையில் அப்பொறுப்பு இருகூறாகப் பிரிகிறது. வழங்கிகள், மின்சாரம், வலையமைப்பு ஆகியவற்றைச் சேவையாளர் காக்கிறார். பயனர் கணக்குகள், அணுகல் உரிமைகள், தவறான அழிப்பிலிருந்து தரவைக் காத்தல் ஆகியன பெரும்பாலும் வாடிக்கையாளரின் பொறுப்பாகவே அமைகின்றன. இப்பிரிவினையை உணராமல், அனைத்தும் சேவையாளரின் காப்பில் உள்ளன எனக் கருதும் நிறுவனமே பேரிழப்பிற்கு ஆளாகிறது.

மூன்று சொற்கள், மூன்று பயன்கள்

இணைநகல் என்பது மூலத்துடன் உடனுக்குடன் ஒத்தியங்கும் நகலாகும். ஒரு வட்டு பழுதானால் அது கைகொடுக்கும். ஆனால் மூலத்தில் ஒரு கோப்பு அழிக்கப்பட்டால் இணைநகலிலும் அக்கோப்பு அழியும். காப்புநகல் என்பது குறிப்பிட்ட ஒரு நேரத்தில் இருந்த நிலையை மாறாமல் வைத்திருப்பது. நேற்றைய நிலைக்குத் திரும்ப வழிசெய்வது அதுவே. ஏற்றுமதி என்பது, தரவை வேறு மென்பொருளும் படிக்கத்தக்க வடிவில் சேவைக்கு வெளியே கொண்டுவருதல். சேவையாளரை மாற்றவும் நெடுங்காலம் ஆவணப்படுத்தவும் அது தேவைப்படுகிறது.

குப்பைத் தொட்டி வசதியைக் காப்புநகலாக மயங்குவோரும் உளர். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் கோப்புகள் 30 நாள்கள் தங்கும். மைக்ரோசாப்டின் ஷேர்பாயிண்ட் தளத்தில் இக்காலம் 93 நாள்கள். கூகுள் ஒர்க்ஸ்பேஸில் அழிக்கப்பட்ட பணியாளர் கணக்கை 20 நாள்களுக்குள் மட்டுமே மீட்கலாம். ஆண்டு இறுதித் தணிக்கையின்போது தெரியவரும் இழப்பிற்கு இக்கால எல்லைகள் உதவா.

நான்கு நிகழ்வுகள்

கோட் ஸ்பேசஸ் என்னும் நிறுவனம் அமேசானின் மேகச் சேவையில் இயங்கிவந்தது. 2014 ஜூனில் அதன் நிர்வாகக் கணக்கினுள் நுழைந்த ஊடுருவியர், மூலத் தரவுடன் காப்புநகல்களில் பெரும்பகுதியையும் அழித்தனர். இரண்டும் ஒரே கணக்கின் கீழ் இருந்தமையே காரணம். அந்நிறுவனம் தன் தொழிலையே நிறுத்த நேர்ந்தது.

கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்தார். காப்பிற்கென அமைத்திருந்த முறைகளை நாடியபோது, நாள்தோறும் நகலெடுக்க வேண்டிய நிரல் பதிப்பு முரண்பாட்டால் செயலற்றிருந்தது தெரியவந்தது. அதுபற்றிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. ஏறத்தாழ 6 மணி நேரம் முன்னர் தற்செயலாக எடுக்கப்பட்ட நகலொன்றே கைகொடுத்தது.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீக்கிரையானது. காப்புநகலையும் அவ்வளாகத்திலேயே வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தனர்.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் சேவைகள் முடங்கின. கூகுள் கிளவுடில் அதற்கென அமைத்த தனி மேகத்தின் அமைவுப் புலம் ஒன்று வெறுமையாக விடப்பட்டிருந்தது. அதனால் தானாகவே ஓராண்டுக் கால எல்லை பதிந்து, அது முடிந்ததும் அமைப்பு அழிந்தது. ஆயினும் வேறொரு சேவையாளரிடம் இருந்த நகல் உள்ளிட்ட தனிக் காப்புநகல்கள் மீட்பிற்குத் துணைநின்றன.

இந்நான்கும் முறையே கணக்கு, சோதனை, இடம், சேவையாளர் என நான்கு நிலைகளில் காப்பு அமைய வேண்டுவதைக் காட்டுகின்றன. மூன்று நகல்கள், இருவகை ஊடகங்கள், ஒரு நகல் வேறிடத்தில் எனக் கூறும் 3-2-1 விதியுடன், அந்த ஒரு நகல் வேறு கடவுச்சொல்லின் கீழும் இருக்க வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்ளல் தகும்.

ஏற்றுமதியில் இழப்பவை

ஏற்றுமதி செய்யப்பட்ட கோப்பு மூலத்தை முற்றிலும் ஒத்திருப்பதில்லை. கூகுளிலிருந்து மின்னஞ்சல்கள் எம்பாக்ஸ் வடிவிலும், ஆவணங்கள் வேர்டு போன்ற வடிவங்களிலும் வெளிவருகின்றன. உரை கிடைக்கும், யார் எப்போது திருத்தினார் என்னும் திருத்த வரலாறு அவ்வாவணத்துடன் வாராது. கணக்கு மென்பொருளிலிருந்து சிஎஸ்வி கோப்பாக எடுக்கும்போது எண்கள் வரும். வாய்பாடுகளும் அட்டவணைகளுக்கு இடையிலான தொடர்புகளும் வாரா. ஒருங்குறியில் அமைந்த தமிழ்ப் பெயர்கள், குறியாக்கத்தைத் தவறாகக் கொள்ளும் மென்பொருளில் பொருளற்ற குறிகளாகத் தோன்றுவதும் உண்டு. ஆதலின் எடுத்த அன்றே திறந்து பார்த்தல் இன்றியமையாதது.

காலமும் கருதத்தக்கது. நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் 10 டெராபைட் தரவை இறக்க, இடையறாது இயங்கினும் 9 நாள்களுக்கு மேலாகும். ஒப்பந்தம் முடியும் வாரத்தில் தொடங்கும் ஏற்றுமதி நிறைவுறாது போகலாம்.

சட்டநிலை

இந்திய நிறுவனங்கள் சட்டம் 2013, கணக்கேடுகளை 8 நிதியாண்டுகளுக்குக் குறையாமல் பேண வேண்டும் என்கிறது. மின்னணு வடிவில் பேணப்படும் கணக்கேடுகளின் காப்புநகல் இந்தியாவில் அமைந்த வழங்கியில் நாள்தோறும் வைக்கப்பட வேண்டும் என 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. அதற்கு முன் குறித்த கால இடைவெளியில் எடுத்தால் போதுமானதாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் உள்ளது. சேவையாளரை மாற்றுவதற்கான கட்டணங்களை 2027 ஜனவரி 12 முதல் அது தடைசெய்கிறது. முன்னது நகலை வலியுறுத்துகிறது. பின்னது வெளியேறும் உரிமையை வலியுறுத்துகிறது.

நடைமுறை

எந்தத் தரவு எச்சேவையில் உள்ளது எனப் பட்டியலிடுதல் முதற்பணியாகும். எவ்வளவு நேரத் தரவை இழக்கலாம், எவ்வளவு நேரத்தில் மீள வேண்டும் என்னும் இரு வினாக்களுக்கான விடையே நகலெடுக்கும் இடைவெளியையும் மீட்பு முறையையும் முடிவுசெய்யும். ஒரு நகல் அழிக்கவோ மாற்றவோ இயலாத வகையில் பூட்டப்பட வேண்டும். குறியாக்கத் திறவுகோலை நகலுடன் சேர்த்து வைத்தலாகாது. விலகும் பணியாளரின் கணக்கை அழிக்குமுன் அதன் தரவு ஏற்றுமதி செய்யப்பட வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறையேனும் வெறுமையான கணினி ஒன்றில் மீட்புப் பயிற்சி நிகழ்த்தி, எடுத்துக்கொண்ட நேரத்தைப் பதிவுசெய்தல் நன்று.

முடிவுரை

மேகத்தில் உள்ள தரவின் மீது நிறுவனத்திற்குள்ள உரிமை ஒப்பந்தத் தாளில் மட்டும் அடங்குவதன்று. அத்தரவை வேறோரிடத்தில் மீண்டும் இயங்கச் செய்யும் ஆற்றலிலேயே அது உறுதிப்படுகிறது. இணைநகல் கருவிப் பழுதிலிருந்தும், காப்புநகல் அழிப்பிலிருந்தும், ஏற்றுமதி ஒரே சேவையாளரைச் சார்ந்திருப்பதிலிருந்தும் காக்கின்றன. பல்கலைக்கழகத் துறைகளும் ஆய்விதழ்களும் தம் தரவை இத்தகைய சேவைகளிலேயே வைத்திருப்பதால், இவ்வேறுபாடு அவற்றுக்கும் பொருந்தும்.