பந்து உதைக்க 120 ரூபாயா? ஏழைப் பையன் எங்கே போய் ஆடுவான்?

மாலை 5 மணி. வட சென்னையில் ஒரு மாநகராட்சி மைதானம். எந்த மைதானம் என்று எழுத மாட்டேன். எழுதினால் வாட்ச்மேனுக்கு வேலை போய்விடும்!

கேட்டில் பெரிய பூட்டு தொங்குகிறது. வெளியே பதினைந்து பையன்கள். பாதிப் பேர் காலில் செருப்புகூட இல்லை. ஒருவன் கையில் பந்து. பந்தின் தையல் விட்டு, உள்ளே இருக்கிற பிளாடர் எட்டிப் பார்க்கிறது.

"என்ன தம்பி, ஆடலையா?" என்று கேட்டேன்.

"சாவி எடுத்துனு வர்றவரு இன்னும் வரல சார். வந்தாதான் ஆட்டம். வரலைன்னா இங்கியே குந்தினு இருப்போம்."

"எவ்வளவு நேரம்?"

"இருட்டுற வரைக்கும்."

இருட்டுகிற வரைக்கும் பதினைந்து பையன்கள் மதில் சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாசகர்களே, இந்தச் செய்தியே அந்த மதில் சுவரைப் பற்றித்தான்!

அன்று என்ன நடந்தது?

2024 அக்டோபர் கடைசி வாரம். ரிப்பன் மாளிகையில் சென்னை மாநகராட்சி மன்றக் கூட்டம். தீபாவளி நெருக்கம். ஊரே துணிக்கடையில் இருந்த நேரம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. செயற்கைப் புல்தரை போட்ட 9 கால்பந்துத் திடல்களை டெண்டர் விட்டுத் தனியாரிடம் ஒப்படைப்பது. ஆட வருகிறவர்களிடம் ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிப்பது. பட்டியலில் வியாசர்பாடி முல்லை நகர் திடலும் இருந்தது.

சேதி வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டது நெருப்பு! அரசியல் கட்சிகள் எதிர்த்தன. வாலிபர் சங்கங்கள் எதிர்த்தன. "பந்து உதைக்கிறதுக்கும் துட்டா?" என்று டீக்கடை டீக்கடையாகப் பேச்சு.

ஓரிரு நாள்தான். மாநகராட்சி பின்வாங்கியது. கட்டணம் இல்லை, இலவசமாகவே ஆடலாம் என்று மேயர் பிரியா அறிவித்தார்.

அப்பாடா என்று எல்லோரும் பட்டாசு வெடிக்கப் போய்விட்டார்கள். ஆனால் கேள்வி அங்கேயே நிற்கிறது. 120 ரூபாய் என்ற எண்ணம் ஏன் வந்தது? நாளைக்கு மறுபடியும் வராது என்று யார் சொல்ல முடியும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு பையன் தினம் ஒரு மணி நேரம் ஆடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 120. மாதம் 30 நாளைக்கு 3,600 ரூபாய்!

அண்ணன் தம்பி இரண்டு பேர் என்றால் 7,200. வீட்டு வாடகையே அந்த அளவுக்குத்தான் இருக்கும். மீன் கூடை சுமக்கிற அம்மாவும் லோடு ஏற்றுகிற அப்பாவும் இதை எங்கே போய்த் தேடுவார்கள்?

டீம் கணக்கு இன்னும் மோசம். பக்கத்துக்கு 5 பேர் என்று 10 பேர் இறங்கினால் ஒரு மணி நேரத்துக்கு 1,200 ரூபாய். அந்தக் காசுக்கு நல்ல பந்தே வாங்கிவிடலாம்!

கையில் காசு உள்ளவர்களுக்குக் கவலை இல்லை. ஊரெங்கும் தனியார் திடல்கள் முளைத்துவிட்டன. போனில் பதிவு செய்து ராத்திரி 10 மணிக்கும் ஆடலாம். ஆபீஸ் முடிந்து காரில் வந்து ஆடிவிட்டுப் போகிறார்கள். தப்பில்லை. ஆனால் மாநகராட்சித் திடல் யாருக்காக? தனியார் திடலுக்குப் போக முடியாதவனுக்காகத்தானே!

சேரியிலிருந்து வந்த சிங்கங்கள்

வியாசர்பாடி என்றால் சில பேருக்கு ரவுடிகள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். என் மாதிரிக் குற்றச் செய்தி எழுதுகிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கால்பந்துக்காரர்களைக் கேளுங்கள். "அது குட்டி பிரேசில் ஆச்சே!" என்பார்கள். இந்திய அணிக்கு ஆடிய தனபால் கணேஷ் வியாசர்பாடிப் பையன்தான். 2018 மார்ச்சில் சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்தவர்.

இன்னொரு பக்கம் கேரம். வட சென்னையில் கேரம் போர்டு இல்லாத தெரு உண்டா? அந்தத் தெருவிலிருந்து புறப்பட்ட காசிமா என்ற பெண், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் 3 தங்கம் அள்ளிக்கொண்டு வந்தார். தகப்பனார் ஆட்டோ ஓட்டுகிறவர். தமிழக அரசு 1 கோடி ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்துக் கவுரவித்தது.

குத்துச்சண்டையைச் சொல்லவே வேண்டாம். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று பரம்பரை பரம்பரையாகக் குத்திய மண் இது.

இவர்களில் யாருக்கும் முதல் நாளே அரசாங்கம் கோடி கொடுக்கவில்லை. ஜெயித்த பிறகுதான் கோடி! ஜெயிப்பதற்கு முன்னால் கிடைத்தது ஒரு மண் தரை, ஒரு போர்டு, சம்பளம் வாங்காமல் சொல்லிக் கொடுத்த ஒரு மாஸ்டர். அந்த மண் தரைக்கு டிக்கெட் வைத்திருந்தால் இந்தப் பெயர்களை நாம் கேள்விப்பட்டிருப்போமா?

போலீசுக்குத் தெரியும்

நான் தினம் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போகிறவன். ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பதினாறு, பதினேழு வயதுப் பையன் முதல் தடவை பிடிபடுகிறான் என்றால், அநேகமாக அது சாயங்காலத்துக்கு மேல்தான். பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அல்லது பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டான். வீட்டில் ஒரே அறை. அதில் ஆறு பேர். அவன் எங்கே போவான்? தெருவுக்குத்தான்.

தெருவில் இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று மைதானம். இன்னொன்று மதில் சுவர். மைதானம் பூட்டியிருந்தால் மதில் சுவர். மதில் சுவருக்கு யாராவது ஒரு 'அண்ணன்' பைக்கில் வருவான். முதலில் டீ வாங்கிக் கொடுப்பான். பிறகு சிகரெட். அப்புறம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, "அந்தக் கடையில கொடுத்துட்டு வாடா" என்பான். அதற்குப் பிறகு கதை என் பக்கத்துக்கு வந்துவிடும்.

விளையாட்டு வந்துவிட்டால் குற்றமே இருக்காது என்று நான் சொல்லவில்லை. பந்து உதைத்தவனும் கத்தி எடுத்திருக்கிறான். ஆனால் தினம் சாயங்காலம் மாஸ்டருக்குப் பதில் சொல்ல வேண்டிய பையனை மடக்குவது 'அண்ணனுக்கு' அவ்வளவு சுலபம் இல்லை. போலீசுக்கும் இது தெரியும். அதனால்தான் குடிசைப் பகுதிகளில் காவல் துறையே சிறுவர் சிறுமியர் மன்றம் நடத்துகிறது. கேரம் போர்டு வாங்கிப் போடுவது லாக்கப்பை விட மலிவு!

பணம் இல்லையா? இருக்கிறது!

அரசு விளையாட்டுக்குச் செலவே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2024 பிப்ரவரியில் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குப் பந்து, மட்டை, வலை என்று சாமான்கள். அதற்குச் சுமார் 86 கோடி ரூபாய். தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், ஒவ்வொன்றும் 3 கோடி ரூபாய் மதிப்பில் என்று ஒரு திட்டம். சென்னை கோபாலபுரத்தில் 7 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடம் கட்டி 2025 பிப்ரவரியில் திறந்தார்கள்.

இது போக எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருடத்துக்கு 3 கோடி. எம்.பி. நிதி 5 கோடி. 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊர்க்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும்.

நிலத்துக்கும் சட்டம் உண்டு. 3,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தாலோ பெரிய கட்டடம் கட்டினாலோ 10 சதவீதத்தைத் திறந்தவெளியாகப் பொதுவுக்கு ஒதுக்க வேண்டும். பெரிய இடம் என்றால் நிலமாகவே கொடுத்தாக வேண்டும். பூங்கா, விளையாட்டுத் திடல்களைக் காப்பாற்ற 1959-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள்.

அப்புறம் என்ன குறை?

ரிப்பன் வெட்டிய மறுநாள்

குறை இங்கேதான் இருக்கிறது. கட்டுவதற்குப் பணம் வருகிறது. காப்பதற்கு வருவதில்லை!

எம்.பி. நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். நிரந்தரமான சொத்து உருவாக்கத்தான் அந்தப் பணம். வாட்ச்மேன் சம்பளம், கரண்ட் பில் என்று தினசரிச் செலவுக்குக் கொடுக்க மாட்டார்கள். கட்டடத்துக்குக் கல்வெட்டு உண்டு, அதில் பெயர் உண்டு. பல்பு மாற்றினால் யார் பெயரைப் பொறிப்பது?

செயற்கைப் புல்தரை என்பது போட்டுவிட்டு மறந்துவிடுகிற சமாசாரம் இல்லை. புல்லுக்கு நடுவே ரப்பர்த் துகள் தூவ வேண்டும். அது ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், வாரி வாரிச் சமன் செய்ய வேண்டும். தையல் பிரிந்தால் உடனே ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் கால் மாட்டி முட்டி போய்விடும். மே மாத வெயிலில் அந்தத் தரை அடுப்பு மாதிரி கொதிக்கும். சில வருடம் போனால் மொத்தத்தையும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம்.

ஆகவே, "பராமரிக்கக் காசு வேண்டாமா?" என்று அதிகாரிகள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. கேள்வி சரி. ஆனால் அந்தக் காசை யாரிடம் கேட்பது? செருப்பு இல்லாத பையனிடமா?

வழி இருக்கிறது. திடல் கட்ட எஸ்டிமேட் போடும்போதே அடுத்த ஐந்து வருடப் பராமரிப்பையும் சேர்த்துப் போடட்டும். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஆட வருகிற கம்பெனி அணிகளிடம் வாங்கட்டும். காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சல்லிக் காசு இல்லாமல் திறந்து விடட்டும். சாவியை வெளியாளிடம் கொடுக்காமல், தினம் அங்கேயே கிடக்கிற மாஸ்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கட்டும்.

பெண் பிள்ளைகள் எங்கே?

இன்னொரு விஷயம். மதில் சுவரில் உட்கார்ந்திருந்த பதினைந்து பேரில் ஒரு பெண்கூட இல்லை. ஏன்?

அருகில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். "கக்கூஸ் இல்ல. லைட்டு இல்ல. எந்த தைரியத்துல அனுப்புறது தம்பி?" என்றார்.

அவ்வளவுதான். கோடிக் கணக்கில் திட்டம் போடுகிறவர்கள் இந்த இரண்டு வரியை எழுதி வைத்துக்கொள்ளட்டும். பூட்டுகிற கதவோடு ஒரு கக்கூஸ். எரிகிற விளக்கு நான்கு. இது இருந்தால் இன்னும் எத்தனை காசிமா வருவார்களோ!

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் வார்டு மைதானம் பூட்டிக் கிடக்கிறதா? புலம்பிப் பயன் இல்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தோடு மனு எழுதுங்கள். இந்தத் திடலுக்கு எந்த நிதியிலிருந்து எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள், திறக்கும் நேரம் என்ன, சாவி யாரிடம் என்று நான்கே கேள்வி. 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

2022-லிருந்து நகரங்களில் பகுதி சபைக் கூட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. அங்கே போய் எழுந்து கேளுங்கள். சாக்கடை, குப்பை, ரோடு என்று எல்லோரும் பேசுவார்கள். விளையாட்டுத் திடலுக்காக எழுகிற குரல் அபூர்வம். பேசாத விஷயத்துக்கு யார் பணம் ஒதுக்குவார்கள்?

சாவி வந்தது!

அன்றைக்கு 5.40-க்குச் சாவிக்காரர் வந்து சேர்ந்தார். பாவம், அவருக்கு மூன்று இடத்துக் கேட்டைத் திறக்கிற வேலையாம். சைக்கிளில் சுற்றுகிறார்.

பூட்டு விழுந்ததுதான் தாமதம். பதினைந்து பேரும் உள்ளே பாய்ந்தார்கள். தையல் விட்ட பந்து ஆகாயத்தில் பறந்தது.

மதில் சுவர் காலியாகிவிட்டது. சற்று நேரத்தில் பைக்கில் ஒரு 'அண்ணன்' வந்தான். சுவரைப் பார்த்தான். மைதானத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

40 நிமிடம் முன்னால் வந்திருந்தால்?