'தப்பான இங்கிலீஷ்'னு ஒதுக்கப்பட்ட மொழி மேடையேறின கதை! - கரீபியன் 'ஸ்போக்கன் வேர்ட்' ஒரு அறிமுகம்

1930-களின் ஜமைக்கா. தலைநகர் கிங்ஸ்டனில் டிராம் வண்டி ஓடிக்கிட்டிருந்த காலம். சினிமா பார்க்கப் போறதுக்காக நல்லா டிரஸ் பண்ணிக்கிட்டு ஒரு டீன் ஏஜ் பொண்ணு டிராமில் ஏறினார். பின் சீட்டுகளில் கூடையும் மூட்டையுமாக சந்தைக்காரப் பெண்கள். பொண்ணைப் பார்த்ததும் அவங்கள்ல ஒருத்தர், 'எல்லாரும் அகண்டு உட்காருங்க, சீமாட்டி ஒருத்தி வர்றா'ங்கிற மாதிரி குரல் கொடுத்தார். பச்சையான ஜமைக்கா பேச்சு. அந்த நக்கலும் வேகமும் பொண்ணுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஸ்கூலில் படிச்ச இங்கிலாந்துக் கவிதைகளின் பாஷையை ஓரங்கட்டிட்டு, அந்த டிராம் பேச்சிலேயே ஒரு கவிதை எழுதினார்.

அவர் பெயர் லூயிஸ் பென்னட். ஜமைக்கா மக்களுக்கு 'மிஸ் லூ'. இன்னைக்கு லண்டன், டொரன்டோ, கிங்ஸ்டன், போர்ட் ஆஃப் ஸ்பெயின்னு பல ஊர்களில் மைக் பிடிச்சு கவிதை சொல்ற கரீபியன் இளைஞர்களுக்கெல்லாம் அவர் ஒரு பாட்டி மாதிரி.

பிரிட்டனில் வருஷா வருஷம் ஜூன் 22 'விண்ட்ரஷ் தினம்'. அக்டோபர், 'கறுப்பர் வரலாற்று மாதம்'. இந்த ரெண்டையும் ஒட்டி லைப்ரரி, தியேட்டர், பப், கம்யூனிட்டி ஹால்னு கரீபியன் கவிதை நிகழ்ச்சிகள் களைகட்டும். 'கவிதை வாசிப்புதானே, கொட்டாவி வருமே'ன்னு நினைச்சுடாதீங்க. இது பாட்டு, ஸ்டாண்ட்-அப், மேடைப்பேச்சு, அழுகை எல்லாம் கலந்த ஒண்ணு.

முதல்ல, 'பாட்வா'ன்னா என்ன?

ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் இருந்து அடிமைகளாக கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்டவங்க ஒரே மொழி பேசினவங்க இல்லை. முதலாளிகளின் ஐரோப்பிய மொழியும் தங்களோட ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து அவங்க உருவாக்கிக்கிட்டதுதான் 'கிரியோல்' மொழிகள். ஜமைக்காவில் அதுக்குப் பெயர் பாட்வா.

உதாரணத்துக்கு, ஒருத்தரைக் கூப்பிட்டாலும் பத்துப் பேரைக் கூப்பிட்டாலும் இங்கிலீஷில் 'யூ'தான். பாட்வாவில் பலரைச் சொல்ல 'உனு'ன்னு தனியா ஒரு வார்த்தை இருக்கு. அதே அர்த்தத்தில் இதே சொல் நைஜீரியாவின் இக்போ மொழியிலும் உண்டு. 'சாப்பிடு'ங்கிறதுக்கு 'ந்யாம்'. அதுவும் ஆப்பிரிக்கச் சொத்து.

ஆனா ஸ்கூலிலும் ஆபீஸிலும் இந்த மொழிக்குக் கிடைச்ச பெயர், 'உடைஞ்ச இங்கிலீஷ்'. வீட்டில் பேசுறதை வகுப்பில் பேசினா திட்டு. அப்போ அந்த மொழியில் கவிதை எங்கே வாழும்? வாயில், காதில், கதை சொல்ற திண்ணையில். டிரினிடாட், கிரெனடா, ஹைட்டி பக்கமெல்லாம் கதை சொல்றவர் 'க்ரிக்?'னு கேட்டா, கூட்டம் 'க்ராக்!'னு பதில் சொல்லும். அதுக்கப்புறம்தான் கதையே தொடங்கும். இன்னைக்கு ஸ்போக்கன் வேர்ட் மேடையில் கவிஞர் கேட்க, ஆடியன்ஸ் பதில் கொடுக்கிற பழக்கத்தின் வேர் இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கு.

மிஸ் லூ செஞ்ச புரட்சி

மிஸ் லூவின் கவிதைகள் 1943-லிருந்து ஜமைக்காவின் 'க்ளீனர்' பத்திரிகையில் வர ஆரம்பிச்சது. மக்கள் கொண்டாடினாங்க. இலக்கியவாதிகளோ ரொம்ப காலம் அவரை 'சிரிக்கவைக்கிறவர்'னு மட்டும்தான் பார்த்தாங்க. 1945-ல் ஸ்காலர்ஷிப்பில் லண்டன் போய், புகழ்பெற்ற 'ராடா' நாடகப் பள்ளியில் படிச்சார். திரும்பி வந்தும் மொழியை மாத்திக்கலை. லத்தீன், பிரெஞ்சுன்னு பல மொழிகளில் இருந்து இங்கிலீஷ் கடன் வாங்கினா அது வளர்ச்சி, நாங்க வாங்கினா மட்டும் சிதைவான்னு மேடைகளில் கேட்டு சிரிக்கவைப்பார். சிரிச்சு முடிச்ச அப்புறம்தான் கேள்வி உறைக்கும்.

1970-லிருந்து 'ரிங் டிங்'ங்கிற டி.வி நிகழ்ச்சியில் பாட்வாவிலேயே குழந்தைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் பேசுறதுக்காக வெட்கப்படவேண்டாம்னு ஒரு தலைமுறைக்கே டி.வி வழியா சொன்னவர் அவர். 2006-ல் மறைந்தப்போ தேசத் தலைவர்களுக்கான பூங்காவில் அவரை அடக்கம் செஞ்சாங்க.

லண்டன் வழியா வந்த பக்கத்து வீட்டுக் குரல்

இன்னொரு பக்கம், பி.பி.சி-யில் 'கரீபியன் வாய்சஸ்'னு ஒரு ரேடியோ நிகழ்ச்சி. 1943-ல் இதைத் தொடங்கினவர் ஜமைக்கா கவிஞர் யூனா மார்சன். 1958 வரைக்கும் ஓடுச்சு. பார்படோஸ்காரர் எழுதின கவிதை லண்டனுக்குப் போய், அங்கிருந்து ஒலிபரப்பாகி, ஜமைக்கா வீட்டு ரேடியோவில் கேட்கும். பின்னாளில் நோபல் பரிசு வாங்கின டெரக் வால்காட், வி.எஸ்.நைபால் ரெண்டு பேருக்கும் இந்த நிகழ்ச்சி ஒரு தொடக்க மேடை. தீவுகள் ஒண்ணையொண்ணு குரலாகக் கேட்டுக்க ஆரம்பிச்ச இடம்னு இதைச் சொல்லலாம்.

1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் நூற்றுக்கணக்கான கரீபியன் மக்களோட லண்டனுக்குப் பக்கத்தில் டில்பரி துறைமுகத்துக்கு வந்துச்சு. போரில் இடிஞ்சுபோன பிரிட்டனைக் கட்டியெழுப்ப ஆள் தேவைப்பட்ட நேரம். கப்பலில் வந்த 'லார்ட் கிச்சனர்'ங்கிற டிரினிடாட் கலிப்ஸோ பாடகர், நியூஸ் ரீல் கேமரா முன்னாடி லண்டனைப் பற்றி தான் கட்டின பாட்டைப் பாடிக்காட்டினார். அந்த வீடியோ இப்பவும் யூடியூபில் இருக்கு.

பேஸ் கிடாரும் பாட்வாவும்: டப் பொயட்ரி

1970-கள். ரெகே இசைத்தட்டுகளின் பின்பக்கத்தில் பாடகர் குரலைக் குறைச்சு, டிரம்ஸையும் பேஸ் கிடாரையும் தூக்கிவெச்ச ஒரு வடிவம் இருக்கும். அதுதான் 'டப்'. தெருவில் பெரிய ஸ்பீக்கர்களைக் கட்டி 'சவுண்ட் சிஸ்டம்' நடத்தினவங்க அந்த இசை மேல பேச ஆரம்பிச்சாங்க. அதில் இருந்து பிறந்ததுதான் 'டப் பொயட்ரி'. பேண்டு இருந்தாலும் இல்லாட்டியும் வரிகளுக்குள்ளேயே பீட் ஓடணும். ஜமைக்காவில் ஓகு ஒனுவோரா, மியூட்டபருக்கா, மைக்கேல் ஸ்மித், ஜீன் 'பின்டா' ப்ரீஸ். லண்டனில் லிண்டன் க்வேஸி ஜான்சன்.

ஜான்சன் ஜமைக்காவில் பிறந்து, 1963-ல் 11 வயசில் லண்டன் வந்தவர். பிரிக்ஸ்டனில் வளர்ந்தார். சந்தேகம்னு சொல்லியே கறுப்பின இளைஞர்களைப் போலீஸ் நிறுத்தி சோதனை போட்ட காலம். அந்த அனுபவத்தை, அந்த இளைஞர்கள் பேசின அதே மொழியில், உச்சரிப்புப்படியே ஸ்பெல்லிங் போட்டு எழுதினார். இங்கிலீஷ் தெரிஞ்சவங்களே கண்ணால் படிச்சா தடுமாறுவாங்க. வாய்விட்டுப் படிச்சா புரிஞ்சுடும்.

மேடை ஏன் முக்கியம்? 1981-ல் நடந்தது...

1981 ஜனவரி 18. தெற்கு லண்டன், நியூ கிராஸ் பகுதியில் ஒரு வீட்டில் பிறந்தநாள் பார்ட்டி. அதிகாலையில் தீப்பிடிச்சு 13 கறுப்பின இளைஞர்கள் இறந்துபோனாங்க. அரசுத் தரப்பில் இருந்து உடனடியா ஒரு இரங்கல் வார்த்தைகூட வரலைங்கிறது அந்த மக்களுக்குப் பெரிய காயம். மார்ச் 2-ம் தேதி ஆயிரக்கணக்கான பேர் லண்டன் தெருக்களில் ஊர்வலம் போனாங்க. அந்தத் தீ தொடர்பா இதுவரை யார் மேலும் வழக்கு பதிவாகலை.

ஜான்சன் இதைக் கவிதையா எழுதினார். பார்ட்டியின் ஆட்டமும் கொண்டாட்டமுமா தொடங்கி, தீக்குள்ள போற கவிதை அது. அதிகாரபூர்வ அறிக்கையில் இடம் கிடைக்காத துக்கத்துக்கு ஒரு மைக்கும், கேட்க நாலு பேரும் கிடைச்சாங்க. கிட்டத்தட்ட 40 வருஷம் கழிச்சு, 2020-ல் வந்த ஸ்டீவ் மெக்வீனின் 'ஸ்மால் ஆக்ஸ்' தொடரில் 'அலெக்ஸ் வீட்டில்' படத்தில் ஜான்சன் குரலிலேயே அந்தக் கவிதை வரும். அந்தச் சம்பவத்தப்போ பிறக்காதவங்களுக்கும் அது போய்ச் சேர்ந்துச்சு.

விண்ட்ரஷ் தின நிகழ்ச்சிகளிலும் இதே கதைதான். பிரிட்டிஷ் அரசு இந்த நாளை அறிவிச்சது 2018-ல். அதே வருஷம்தான் 'விண்ட்ரஷ் ஊழல்' வெடிச்சது. 1973-க்கு முன்னாடி சட்டப்படி வந்து, வாழ்க்கை முழுக்க அங்கேயே உழைச்சவங்களை 'பேப்பர் எங்கே?'ன்னு கேட்டு வேலையில் இருந்தும் வீட்டில் இருந்தும் துரத்தியிருந்தாங்க. குறைஞ்சது 83 பேரை தப்பா நாடு கடத்தியிருந்தாங்க. அதனால அன்னைக்கு மேடையில் தாத்தா பாட்டியின் சமையல், சர்ச், ரம் கேக் பற்றிய கவிதைக்கு அடுத்ததே உள்துறை அமைச்சகத்தைக் கிழிக்கிற கவிதையும் வரும். கொண்டாட்டம்னு போர்டு போட்டிருந்தாலும் கணக்குத் தீர்க்கிறதும் அதே மேடையில்தான் நடக்கும்.

ஒரு நிகழ்ச்சி எப்படி நடக்கும்?

* ஓப்பன் மைக்: வாசலில் பேர் கொடுத்துட்டு யார் வேணாலும் ஏறலாம். ஆளுக்கு சில நிமிஷம். முதல் தடவை ஏறுறவங்களுக்கு எக்ஸ்ட்ரா கைதட்டல் நிச்சயம்.

* ஸ்லாம்: கவிதைப் போட்டி. 1980-களில் சிகாகோவில் தொடங்கின வடிவம். வழக்கமான விதி என்னன்னா, 3 நிமிஷம் டைம், ஆடியன்ஸில் இருந்தே 5 நடுவர்கள், 10-க்கு மார்க். அதிக மார்க்கையும் குறைஞ்ச மார்க்கையும் நீக்கிட்டு மீதியைக் கூட்டுவாங்க.

* ஃபீச்சர்டு செட்: பிரபல கவிஞர் ஒருத்தருக்கு தனி நேரம். சில சமயம் கூடவே டிரம்ஸ், பேஸ் கிடார், ஸ்டீல் பேன்.

ஆடியன்ஸ் அமைதியா உட்கார்ந்திருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. பிடிச்ச வரிக்கு விரல் சொடுக்கலாம், 'ம்ம்ம்'னு சத்தம் கொடுக்கலாம், திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம்.

தீவுகளிலேயே பார்க்கணும்னா?

ஜமைக்காவின் ட்ரெஷர் பீச்சில் 2001-ல் தொடங்கினது 'கலபாஷ்' இலக்கியத் திருவிழா. கடற்கரை ஓரம், அனுமதி இலவசம். நோபல் பரிசு பெற்றவர் நின்ன மேடையில் உள்ளூர்க்காரரும் ஓப்பன் மைக்கில் ஏறலாம். டிரினிடாடில் 2011-ல் ஆரம்பிச்ச 'போகஸ் லிட் ஃபெஸ்ட்' கூடவே தேசிய ஸ்லாம் போட்டியும் நடக்குது.

டிரினிடாட் கார்னிவலில் இன்னும் பழைய சரக்கு இருக்கு. 'மிட்நைட் ராபர்'னு ஒரு வேஷம். பிரமாண்டமான தொப்பி, கறுப்பு அங்கி. வழியை மறிச்சு, தன் வீரப்பிரதாபத்தை மூச்சுவிடாமல் வசனமா கொட்டுவார். காசு கொடுத்தாதான் விடுவார். 'எக்ஸ்டெம்போ' இன்னொண்ணு. மேடையில் வெச்சு தலைப்பு கொடுப்பாங்க, அந்த நொடியே எதுகை மோனையோட பாட்டுக் கட்டி எதிராளியை வாரணும். நம்ம ஊர் எசப்பாட்டு கேட்டவங்களுக்கு இது உடனே பிடிபடும்.

இப்போ நிலவரம் என்ன?

ஒதுக்கப்பட்ட குரல் இப்போ விருது மேடையிலும் இருக்கு. 2002-ல் ஜான்சனின் கவிதைகள் 'பெங்குயின் மாடர்ன் கிளாசிக்ஸ்' வரிசையில் வந்துச்சு. அதில் இடம்பிடிச்ச முதல் கறுப்பினக் கவிஞர் அவர். பிரிட்டனின் பெரிய கவிதை விருதான டி.எஸ்.எலியட் பரிசை 2019-ல் ரோஜர் ராபின்சன், 2022-ல் ஆண்டனி ஜோசப், 2023-ல் ஜேசன் ஆலன்-பைசன்ட் வாங்கினாங்க. முதல் ரெண்டு பேருக்கும் வேர் டிரினிடாடில், மூணாவது ஆள் ஜமைக்காக்காரர்.

விருதே வேண்டாம்னு சொன்னவரும் உண்டு. 13 வயசில் ஸ்கூலை விட்டு வெளியேறினவர் பெஞ்சமின் ஸெஃபனாயா. டிஸ்லெக்ஸியா இருந்ததால எழுத்தைவிட குரலை நம்பினவர். 2003-ல் 'ஓ.பி.இ' பட்டம் தேடி வந்தப்போ, அதில் இருக்கிற 'எம்பயர்'ங்கிற வார்த்தை அடிமை காலத்தை ஞாபகப்படுத்துதுன்னு மறுத்துட்டார். 2023 டிசம்பரில் மறைந்த அவரை 'பீக்கி பிளைண்டர்ஸ்' பார்த்தவங்களுக்கு ஜெரமையாவாகத் தெரிஞ்சிருக்கும்.

இதுல நமக்கும் ஒரு நூல் இருக்கு

அடிமை முறை ஒழிஞ்ச பிறகு, 1838-லிருந்து 1917 வரைக்கும் இந்தியாவில் இருந்து ஒப்பந்தக் கூலிகளை கரீபியன் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேத்தினாங்க. மதராஸில் இருந்து போன தமிழர்களும் அதில் உண்டு. கயானாவின் மாரியம்மன் வழிபாட்டில் 'தப்பு' மேளம் அதே பெயரில் இன்னைக்கும் ஒலிக்குது. பிரெஞ்சுக்காரங்க கையில் இருந்த குவாதலூப், மார்ட்டினிக் தீவுகளுக்கு பாண்டிச்சேரி, காரைக்காலில் இருந்தும் கப்பல் போச்சு. கூலிக் கப்பல்களின் கதையை கயானா கவிஞர் மஹாதாய் தாஸ் கவிதைகளா எழுதியிருக்கார். கரீபியன் பாரம்பரியம்னு சொல்றப்போ அதில் இந்தக் குரல்களும் சேர்த்திதான்.

எங்கிருந்து தொடங்கலாம்?

ஹெட்போன் போதும். யூடியூபில் மிஸ் லூவின் பழைய மேடை வீடியோக்கள் இருக்கு. கயானாவில் பிறந்த ஜான் அகார்டு, ஸ்கூலில் தனக்குச் சொல்லிக்கொடுக்காத வரலாற்றைப் பற்றி சொல்ற கவிதையைத் தேடிப் பாருங்க. பிரிட்டிஷ் ஸ்கூல் பசங்க பரீட்சைக்கே படிக்கிற கவிதை அது. 'பொயட்ரி ஆர்க்கைவ்' இணையதளத்தில் கவிஞர்கள் தங்கள் குரலிலேயே படிச்ச பதிவுகளை இலவசமா கேட்கலாம்.

ஒரு டிப்ஸ். முதல் தடவை டெக்ஸ்ட் பார்க்காம கேளுங்க. பாதி புரியாது, பரவாயில்லை, தாளம் மட்டும் காதில் ஏறட்டும். ரெண்டாவது தடவை வரிகளைப் பார்த்துக்கிட்டே கேளுங்க. மூணாவது தடவை நீங்களே சத்தமா சொல்லிப் பாருங்க. புரியாமல் இருந்த பாதியும் அப்போ புரிய ஆரம்பிக்கும்!