பவுடர் ஸ்னோ ரோடு டிரிப்: ஃப்ரெண்ட்ஸ் ஏன் கட்டாயம் வேணும்?

இடுப்பளவு பனி. அதுல ஒருத்தர் ஸ்னோபோர்டில் சறுக்கிட்டு வர, தலைக்கு மேல வெள்ளைப் புகை மாதிரி பனி பறக்கும். ரீல்ஸ்ல இந்த மாதிரி ஒரு வீடியோவைப் பார்த்து, 'ஒரு தடவையாவது போகணும் மச்சி'ன்னு ஃப்ரெண்டுக்கு ஷேர் பண்ணியிருப்பீங்க. அந்தப் பனிக்குப் பெயர் பவுடர் ஸ்னோ. அதைத் தேடி காரில் ஊர் ஊராகப் போறவங்களுக்கு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு ரூட்டே இருக்கு. அதை 'பவுடர் ஹைவே'ன்னு சொல்றாங்க.

இந்த டிரிப்புக்கு ஃப்ரெண்ட்ஸ் வேணும். பெட்ரோல் செலவை ஷேர் பண்ண மட்டும் இல்லை. ஏன்னு பார்ப்போம்.

பவுடர்னா என்ன?

பசிபிக் கடல்ல இருந்து வர்ற ஈரக்காற்று, உள்நாட்டு மலைகள்ல மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து பனியாகக் கொட்டுது. கடலோர மலைகள்ல விழுற பனியில ஈரம் அதிகம். உள்ளே தள்ளி இருக்கிற செல்கிர்க் மாதிரியான மலைகள்ல குளிர் அதிகம் என்பதால், பனி உலர்ந்து லேசாக விழும். 10 செ.மீ நல்ல பவுடரை உருக்கினால் 1 செ.மீ தண்ணீர்கூட வராது. மீதியெல்லாம் காற்று. அதனாலதான் அதில் சறுக்கும்போது மிதக்கிற மாதிரி இருக்கு.

ரூட் எப்படி?

பலரும் பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவின் கால்கரியில் இறங்கி கார் எடுக்கிறாங்க. சுமார் 3 மணி நேரத்தில் கோல்டன் என்ற ஊர். அங்கே கிக்கிங் ஹார்ஸ் ரிசார்ட். அடுத்து ரோஜர்ஸ் பாஸ் கணவாயைத் தாண்டினால் ரெவல்ஸ்டோக். இங்கே ரிசார்ட்டின் உச்சிக்கும் அடிவாரத்துக்கும் உயர வித்தியாசம் 1,713 மீட்டர். வட அமெரிக்க ஸ்கீ ரிசார்ட்களில் இதுதான் அதிகம். தெற்கே திரும்பினால் வழியில் ஒரு ஏரி. காரோடு ஃபெர்ரியில் ஏறிக் கடக்கணும், டிக்கெட் கிடையாது. பிறகு நெல்சன் பக்கத்தில் ஒயிட்வாட்டர், ராஸ்லேண்டில் ரெட் மவுன்டன், கடைசியாக ஃபெர்னி. அங்கிருந்து திரும்ப கால்கரி.

டயரை செக் பண்ணுங்க

பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை வின்டர் டயர் கட்டாயம். ஆனால், ஆல்பர்ட்டாவில் அப்படிச் சட்டம் இல்லை. அதனால் கால்கரியில் எடுக்கிற வாடகை காரில் சாதாரண டயர் இருக்க வாய்ப்பிருக்கு. புக் பண்ணும்போதே கேட்டு வாங்கிடுங்க. டயரின் பக்கவாட்டில் மலை உருவமும் அதுக்குள்ள பனி நட்சத்திரமும் இருந்தால் நல்ல டயர்.

ரோஜர்ஸ் பாஸ் சாலைக்கு மேலே இருக்கிற சரிவுகளில் பனி ஆபத்தான அளவுக்குச் சேர்ந்தால், போக்குவரத்தை நிறுத்திட்டு கனடா ராணுவம் 105 மி.மீ பீரங்கியால் சுட்டு, பனியை முன்கூட்டியே சரிய வைக்கும். 1962-ல் சாலை திறந்த காலத்தில் இருந்தே இதுதான் வழக்கம். காரணம் இருக்கு. 1910 மார்ச் 4-ம் தேதி, அதே கணவாயில் ரயில் பாதையை மூடிய ஒரு பனிச்சரிவை அகற்றிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல, எதிர்ப்பக்க மலையில் இருந்து இன்னொரு சரிவு விழுந்தது. 58 பேர் இறந்தாங்க. அதனால் ரோடு மூடியிருந்தா எரிச்சல் படாதீங்க. பிளானில் ஒரு நாளை சும்மா விட்டு வைங்க.

மரத்தடியில் ஒரு குழி

பவுடர்ல விழுந்தா வலிக்காது. ஆனால் ஆபத்தும் அந்த மென்மையிலதான் இருக்கு. பெரிய ஊசியிலை மரங்களோட தாழ்ந்த கிளைகள் குடை மாதிரி பனியைத் தடுக்கும். அதனால் அடிமரத்தைச் சுற்றி இறுகாத பனியோட ஒரு குழி உருவாகும். மேலே இருந்து பார்த்தா தெரியாது. 'ட்ரீ வெல்'னு சொல்ற இந்தக் குழியில தலைகீழா விழுந்தா, அசைய அசைய இன்னும் பனி உள்ளே கொட்டும். பாதுகாப்போடு நடத்திய சோதனைகளில் 10-ல் 9 பேரால் தானாக வெளியே வர முடியலை. இது ரிசார்ட் எல்லைக்கு உள்ளேயும் நடக்கும்.

அதனால்:

* மரங்களுக்கு நடுவில் போனால் ஜோடியாகப் போங்க. ஒருத்தர் கண்ணில் இன்னொருத்தர் படணும், கூப்பிட்டா கேட்கணும். லிஃப்ட்ல பார்த்துக்கலாம்னு முன்னாடி போயிடாதீங்க.
* ஸ்கீ குச்சியோட பட்டையை மணிக்கட்டிலிருந்து கழற்றிடுங்க. விசில் ஒன்றைக் கழுத்தில் மாட்டுங்க.
* விழப்போறோம்னு தெரிஞ்சா கிளையைப் பிடிங்க. விழுந்துட்டா வாய்க்கு முன்னாடி கையால் காற்றுக்கு இடம் பண்ணுங்க. துள்ளாதீங்க.
* காப்பாத்துறவங்க காலைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. தலை எங்கேன்னு கணிச்சு, பக்கவாட்டில் தோண்டி மூச்சுக்கு வழி பண்ணணும்.

அந்த 10 நிமிடம்

ரிசார்ட் எல்லைக்குள் பனிச்சரிவு வராமல் இருக்க ஊழியர்கள் தினமும் வேலை செய்றாங்க. எல்லைக் கயிறைத் தாண்டினால் அது கிடையாது. பனிச்சரிவில் முழுசாப் புதைஞ்சவங்களை 10 நிமிடத்துக்குள் எடுத்தால் சுமார் 10-ல் 9 பேர் பிழைக்கிறாங்க. அரை மணி நேரம் ஆனால் அது மூன்றில் ஒருவராகக் குறையுது. எந்த ஹெலிகாப்டரும் 10 நிமிடத்தில் வந்து தோண்டாது. பக்கத்தில் இருக்கிறவங்கதான் தோண்டணும்.

2003 பிப்ரவரி 1-ம் தேதி, ரோஜர்ஸ் பாஸ் அருகே பள்ளி மாணவர்களும் பெரியவர்களுமாக 17 பேர் போன குழு மேல பனிச்சரிவு விழுந்தது. 7 மாணவர்கள் இறந்தாங்க. கொஞ்ச தூரத்தில் இருந்த 2 மலை வழிகாட்டிகள் ஓடி வந்து தோண்டத் தொடங்கியதால் சிலர் உயிரோட வெளியே வந்தாங்க.

எல்லையைத் தாண்டுறதா இருந்தா ஒவ்வொருத்தர்கிட்டயும் மூணு பொருள் கட்டாயம்: சிக்னல் அனுப்பித் தேடும் டிரான்ஸீவர், பனிக்குள் குத்திப் பார்க்கிற நீளக் கம்பி, மண்வெட்டி. உங்ககிட்ட இருக்கிற மண்வெட்டி உங்க ஃப்ரெண்டுக்காக. அவர்கிட்ட இருக்கிறது உங்களுக்காக. யூஸ் பண்ணப் பழகாமல் எடுத்துட்டுப் போறது வீண். அதற்கான பயிற்சி வகுப்பு முடிக்காதவங்க கயிறுக்குள்ளேயே இருங்க. அங்கேயே பவுடர் தாராளம்.

'வேண்டாம்'னு சொல்ற ஃப்ரெண்டு

கும்பலா போகும்போது இன்னொரு சிக்கல். எல்லாரும் ஜாலியா இருக்கிறப்போ, 'எனக்குச் சரியாப் படலை'ன்னு சொல்ல யாருக்கும் மனசு வராது. அதனால் கிளம்பும் முன்னாடியே ஒரு டீல் போடுங்க. ஒருத்தர் வேண்டாம்னா, அந்தச் சரிவு எல்லாருக்கும் வேண்டாம். ஏன்னு கேட்கக் கூடாது, கலாய்க்கவும் கூடாது. ரெவல்ஸ்டோக்கில் இருந்து இயங்கும் அவலாஞ்ச் கனடா அமைப்பு குளிர்காலத்தில் தினமும் 1 முதல் 5 வரை ஆபத்து அளவை வெளியிடுது. காலைல காபி குடிக்கும்போது அதை ஒருத்தர் சத்தமா வாசிங்க. '3'னு வந்தா 'பரவாயில்லை, நடுத்தரம்'னு எடுத்துக்காதீங்க. அந்த நிலையிலேயே மனுஷங்களால் சரிவு தூண்டப்பட நிறைய வாய்ப்பிருக்கு.

வாட்ஸ்அப் குரூப்ல டிரிப் பிளான் ஓடுதா? ஹோட்டல் புக் பண்றதுக்கு முன்னாடி யார் யாருக்கு ஜோடின்னு முடிவு பண்ணிடுங்க.