கடல் கொண்ட நகரும் கணக்கேடும்

பருவநிலை மாற்றத்தைப் பொருளாகக் கொண்டு இந்நாளில் பல புதினங்கள் வெளிவருகின்றன. அவற்றுள் பெரிதும் பேசப்படுவது, அமெரிக்க எழுத்தாளர் கிம் ஸ்டான்லி ராபின்சன் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நியூயார்க் 2140’. ஆவலோடு படிக்கத் தொடங்கினேன்; முடித்தபோது ஏமாற்றமே மிஞ்சியது. அதன் காரணத்தை ஆராய்வது மாணவர்களுக்குப் பயன் தரும்.

பனிப்பாறைகள் உருகிக் கடல்மட்டம் ஏறத்தாழ 50 அடி உயர்ந்துவிட்ட காலத்தில் கதை நிகழ்கிறது. தெருக்கள் கால்வாய்களாகிவிட்டன, மக்கள் உயர்ந்த மாடங்களில் குடியிருந்து படகுகளில் சென்று வருகின்றனர். ஆயினும் நிதிச்சந்தை ஓயவில்லை. ஓதம் ஏறியிறங்கும் இடத்தில் நிற்கும் கட்டடங்களின் மதிப்பை வைத்துப் பந்தயம் கட்டுவதற்கென்று ஒரு விலைக் குறியீட்டெண்ணையே கதைமாந்தர் ஒருவர் வகுக்கிறார். நிலம் நீருக்குள் போனாலும் அதன் மேலுள்ள கடன் பத்திரம் அழிவதில்லை என்னும் இக்கருத்து கூர்மையானது. 2008ஆம் ஆண்டின் வங்கி நெருக்கடியை உள்ளத்திற் கொண்டே ஆசிரியர் இதனைப் படைத்துள்ளார்.

அப்படியானால் குறை யாது? கதைமாந்தர் பலர் வாழ்வதைவிட விளக்கவுரை நிகழ்த்துவதே மிகுதி. நகர் மூழ்கிய துயரமோ கதை தொடங்குமுன்பே முடிந்துபோன பழங்கதையாகச் சுருங்கிவிடுகிறது. வீடிழந்தவன் முதல்நாள் எங்கே உறங்கினான் என்பதைக் காட்டிலும் முதலீட்டாளரின் கணக்கே விரிவாகப் பேசப்படுகிறது.

சிக்கல் முதலான இராமநாதபுரத்துக் கரையோர ஊர்களில் வாழும் நமக்கு இக்குறை எளிதில் புலனாகும். தனுஷ்கோடி நமக்கு அண்மையில் இருக்கிறதன்றோ! 1914ஆம் ஆண்டு முதல் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் சென்றது. இருப்புப்பாதை நிலையம், அஞ்சலகம், சுங்க அலுவலகம், மாதாகோவில் யாவும் அவ்வூரில் இருந்தன. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் பேரலை ஊரை விழுங்கியது. பாம்பனிலிருந்து வந்த தொடர்வண்டியும் பயணிகளோடு அலைக்கு இரையாயிற்று.

அதன்பின் நடந்ததைக் கவனியுங்கள். சேதமுற்ற பாம்பன் பாலம் 46 நாட்களில் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடிக்குச் சென்ற தண்டவாளத்தில் அதன்பின் வண்டி ஓடவேயில்லை. கப்பற் போக்குவரத்து இராமேசுவரத்திற்கு மாறியது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த அம்மணலில் மீனவர் மட்டும் திரும்பி வந்து குடிசையிட்டனர். புதினத்தில் பணம் மூழ்கிய நகரைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. இங்கோ வாணிகம் அடுத்த துறைக்குப் போயிற்று, வலையை நம்பியவரே மீண்டனர்.

தனுஷ்கோடியை அழித்தது புயலலை. கடல்மட்ட உயர்வு அன்று. எனினும் கடல்மட்டம் உயருந்தோறும் அத்தகைய அலை முன்னினும் உள்ளே புகும். ஆகவே எதிர்காலத்தைப் பற்றிய எந்தப் புதினத்தைப் படித்தாலும், எதைச் செப்பனிட்டார்கள், எதைக் கைவிட்டார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்ற மூன்று வினாக்களை எழுப்புங்கள். இவற்றுக்கு விடை தரும் நூலை நம் கரையிலிருந்து உங்களுள் ஒருவர் எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.